எட்டு ஓம்

"எட்டு ஓமா?" என்று கேட்டேன்.
"ஓம்" என்றான் சதாகரன்.
"எட்டா, பதினாறா?"
"ஓம் அக்கா, ஓம்."

எங்கள் பக்கம் ஓம் என்றால் ஆம்.
மின்தடையை அளக்கிற சொல்லும் அதுவே.
இரண்டுக்கும் நடுவில் விழுந்து
போன மாசியில், கல்முனையில்,
ஒரு ட்ரான்ஸ்போமர் எரிந்தது.

முதலில் வாசம்தான் வந்தது,
வார்னிஷும் கருகிய கடதாசியும்.
மறுகா சத்தம் இல்லை.
ஒஸ்மண்டின் விரல் மட்டும் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது.
சனம் அதை ஒரு வித்தை என்று நினைத்துக் கைதட்டியது.

காத்தான்குடி றபாய்தீன் நானா
திரும்பச் சுற்றித் தர மூன்று மாதம்,
முப்பத்தெட்டாயிரம்.
அம்பைத் தூக்கித் தரும்போது ஒன்றே ஒன்று கேட்டார்:
"பெட்டி எத்தின ஓம் எண்டு ஆருமே பாக்கல்லயா?"
ஓம் என்றோம்.
அந்த ஓமில் மட்டும் குழப்பமில்லை.

இன்றைக்கு டச்பாரில் கல்யாணம்.
ஆறு மணிக்கு மாப்பிள்ளை வருவார்,
ஆறரைக்கு நடனம்.
ஒரு பெட்டி ஒஸ்மண்டுடையது.
மற்றது வாடகைக்கு வந்தது, வெள்ளத்தில் நின்றது.
முழங்கால் உயரத்தில் பழுப்பாய் ஒரு கோடு.
இலக்கம் ஒட்டியிருந்த இடம்
கோட்டுக்குக் கீழே.

மீட்டரின் இரண்டு முள்ளையும் வைத்தேன்.
ஆறு தசம் நாலு.
ஆறு தசம் நாலு என்று ஒரு ஸ்பீக்கர் உலகத்தில் இல்லை.
சும்மா கிடக்கிற சுருள் குறைத்துத்தான் சொல்லும்,
அதை எட்டு என்று எடுக்கவேண்டும்.
ஒஸ்மண்டின் பெட்டியும் எட்டு.

"எட்டும் எட்டும் பதினாறு" என்று
சதாகரன் பின்பக்கக் குமிழில் கை வைத்தான்.
தட்டிவிட்டேன்.
கல்லடியில் ஒற்றைப் பாலம் இருந்த காலம்
அந்தக் கரை வாகனம் முடியும்வரை இந்தக் கரையில் நிற்போம்.
பக்கத்தில் இன்னொன்று வந்ததும்
நெரிசல் கூடினதா, குறைந்ததா?
பக்கத்தில் பக்கத்தில் கொளுவினால்
எட்டும் எட்டும் நாலு.
குமிழை நாலுக்குத் திருப்பினேன்.

ஒஸ்மண்ட் தன் கிற்றார் வயரை நீட்டுகிறான்.
முனை ஒரே மாதிரித்தான்.
உள்ளே ஓடுவது மயிரளவுக் கம்பி,
கிற்றாரின் முணுமுணுப்பைக் கொண்டுபோகப் போதும்.
ஐம்பது வாட் அதால் போனால்
வயரும் உருகும், றபாய்தீன் நானாவின் மூன்று மாதமும் உருகும்.
தடித்த வயர் வானில், ஏணிக்கு அடியில்.
ஓடிப்போய் எடுத்துவந்தேன்,
சாரியில் கிறீஸ்.

பெண்ணின் மாமா கிளாசோடு வந்து குனிந்து பார்த்தார்.
"என்ன கா, ரெண்டு பெட்டிக்கும் பொருத்தம் பாக்கிறயளோ?
நாங்க மாப்பிளைக்கே பாக்கல்ல."
சிரித்தேன்.
சிரிக்கும்போதும் சொக்கெட்டை இன்னொருதரம் அமத்திப் பார்த்தேன்.

"வாடகைப் பெட்டி எத்தின வாட் தாங்கும்?"
"அறுபது தாங்கும் அக்கா."
அவன் சொன்னதில் பாதியை நம்பினேன்.
முப்பது.
ஐம்பதை இரண்டு பெட்டி பங்கிட்டால் இருபத்தைந்து.
பாதி நம்பிக்கை போதும் இந்தக் கணக்குக்கு.

மெயின் சுவிட்ச்.
வால்வுகள் மெதுவாகச் சிவக்க
கடல்காற்று மேசைவிரிப்பைத் தூக்கியது,
யாரோ கேக்கை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.
ஒரு நிமிடம் பொறுத்து இரண்டாவது சுவிட்ச்.
ஒஸ்மண்ட் ஈ மேஜரை அடித்தான்.
இரண்டு பெட்டியும் சேர்ந்து சொன்னது
என் வயிற்றில் வந்து இருந்தது.

மூன்று பாட்டுக்கு ஒருதரம்
அம்பின் முதுகில் உள்ளங்கையை வைக்கிறேன்.
சூடு.
வைத்திருக்கக்கூடிய சூடு.

கிழவிகளும் ஆடத் தொடங்கின நேரம்
இருட்டுக்குள் இருந்து சதாகரன் கத்தினான்:
"எல்லாம் சரியா அக்கா?"

"நாலு" என்றேன்.